வேர்ஹவுஸ் 13 ‘இம்ப்ளோஷன்’: ஆளை மறைக்கும் வாள், தானே மறைந்த வாள்

‘கொஞ்சம் லேசான சீரீஸ் ஏதாவது எடுங்க’ன்னு உங்கள்ல பலர் கேட்டிருந்தீங்க. எடுத்துட்டேன். வேர்ஹவுஸ் 13, முதல் சீசன், ஏழாவது எபிசோட். பேரு ‘இம்ப்ளோஷன்’. 2009 ஆகஸ்ட் 18-ல முதல் முறையா ஒளிபரப்பானது. ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். பாதி வழியில நாம சீரீஸை விட்டு இறங்கி, 1945 டிசம்பர்ல டோக்கியோவுல ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போறோம். ஏன்னா இந்த எபிசோட்ல வர்ற மாய வாள் கற்பனை இல்ல. மாயம் மட்டும்தான் கற்பனை. வாள் நிஜமாவே இருந்தது. இப்போ எங்க இருக்குன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது.

சீரீஸைப் பார்க்காதவங்களுக்காக ரெண்டே நிமிஷம். அமெரிக்காவுல தெற்கு டகோட்டான்னு ஒரு மாநிலம். ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டல்ல ஒரு பிரம்மாண்டமான கிடங்கு. உலகம் முழுக்க இருந்து சேகரிச்ச விசித்திரமான பொருள்கள் உள்ள அடுக்கடுக்கா இருக்கும். லூயிஸ் கரோலோட கண்ணாடி, லுக்ரீஸியா போர்ஜியாவோட சீப்பு, எட்கர் ஆலன் போவோட பேனா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வில்லங்கமான சக்தி. சொந்தக்காரரோட கோபமோ, ஆசையோ, பைத்தியமோ அந்தப் பொருள்ல ஊறிப்போய், அடுத்து தொடறவங்க தலையில ஏறிக்கும். நம்ம ஊர்ல ‘கண்ணு பட்டுடுச்சு’ன்னு சொல்றதைப் பொருளுக்கு மாத்திப் பாருங்க, ஏறக்குறைய அதுதான் ஐடியா. இந்த மாதிரிப் பொருள்களைத் தேடிப் பிடிச்சு, ஊதா நிறத்துல கொழகொழன்னு ஒரு திரவத்துல முக்கி, கிடங்குல கொண்டுவந்து வைக்கிறதுதான் பீட் லாட்டிமர், மைக்கா பெரிங்னு ரெண்டு ஏஜென்ட்டுகளோட வேலை. பீட்டா எடி மெக்லின்டாக், மைக்காவா ஜோன் கெல்லி. ரெண்டு பேரையும் மேய்க்கிற கிடங்கு மேலாளர் ஆர்ட்டி நீல்சனா சால் ரூபினெக். எனக்கு இந்த சீரீஸ்ல உயிரே ஆர்ட்டிதான். எப்பவும் சிடுசிடு, எப்பவும் ஏதோ ஒரு ரகசியம், கைக்கெட்டுற தூரத்துல எப்பவும் ஏதாவது ஒரு பலகாரம்.

2009 ஜூலை 7-ல சீரீஸ் ஆரம்பிச்சது. அதே நாள்லதான் அந்த சேனலும் தன் பேரோட ஸ்பெல்லிங்கை மாத்திக்கிச்சு. ‘சைஃபை’யா இருந்தது ‘சைஃபை’ ஆச்சு. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். இதுக்கு எவ்வளவு செலவு பண்ணினாங்களோ!

சரி, எபிசோடுக்கு வருவோம். ஜப்பான் அரசு அமெரிக்க அதிபருக்கு ஒரு வாளைப் பரிசாக் கொடுக்கப் போகுது. அதுதான் ஹோன்ஜோ மசாமுனே. வாள் ஒரு ஆர்ட்டிஃபாக்ட்னு ஆர்ட்டிக்குத் தெரியும். அதனால பீட்டையும் மைக்காவையும் வாஷிங்டனுக்கு அனுப்புறார். நிஜ வாளை எடுத்துட்டு அதே மாதிரி ஒரு நகலை அங்க வெச்சுட்டு வரணும். யாருக்கும் தெரியக் கூடாது. இங்க ஒரு தமாஷ் இருக்கு. இவங்க ரெண்டு பேரும் கிடங்குக்கு வர்றதுக்கு முன்னாடி அதிபரைப் பாதுகாக்கிற சீக்ரெட் சர்வீஸ்ல இருந்தவங்க. இப்போ அதே பழைய சகாக்களோட கண்ணுல மண்ணைத் தூவி, அதிபருக்கு வர்ற பரிசையே திருடணும். வேலை நினைச்ச மாதிரி போகல. வெளிப்பக்கமா வெடிக்காம எல்லாத்தையும் உள்பக்கமா இழுத்துச் சுருட்டிக்கிற ஒரு குண்டு வருது. எபிசோட் பேரு அதனாலதான். இதே வாளைத் தேடி இன்னொருத்தரும் வந்திருக்கார். ஆர்ட்டியோட பழைய பார்ட்னர், செத்துட்டார்னு எல்லாரும் நினைச்ச மெக்ஃபர்சன். ரோஜர் ரீஸ் நடிச்சிருப்பார், ரொம்ப மரியாதையாப் பேசிக்கிட்டே பயமுறுத்துற வகை வில்லன். இதுக்கு மேல கதையைச் சொல்லிட மாட்டேன், நீங்களே பாருங்க.

வாளோட சக்தி என்னன்னா, அதைக் கையில பிடிச்சவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். சீரீஸ் சொல்ற காரணம்: அது அவ்வளவு நேர்த்தியான வாள், ஒளியையே ரெண்டாப் பிளந்துடும். பிளந்த ஒளி ஆளைச் சுத்திப் போயிடும். முதல் தடவை பார்த்தப்போ நான் இதைச் சிரிச்சுட்டுக் கடந்து போயிட்டேன். ஏன்னா இயற்பியல் படி இதுல ஓட்டை பெருசு. ஒளி உங்களைத் தொடாம சுத்திப் போயிட்டா, உங்க கண்ணுக்குள்ளயும் ஒளி வராது. மத்தவங்களுக்கு நீங்க தெரிய மாட்டீங்க, உங்களுக்கு எதுவுமே தெரியாது. குருடாத்தான் நிக்கணும். அதோட, விளிம்புல பட்ட ஒளி கொஞ்சம் வளையறது எந்த ப்ளேடுலயும் நடக்கிற விஷயம். முகம் மழிக்கிற பத்து ரூபா ப்ளேடுலயும் நடக்கும். அதுக்கு மசாமுனே தேவையில்ல.

ஆனா ஜப்பானிய வாள்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்ச பிறகு அந்த எழுத்தாளர்கள் மேல மரியாதை வந்துச்சு. மசாமுனேயோட பெருமையே ஒளியிலதான் இருக்கு. எவ்வளவு வெட்டும்ங்கிறது அடுத்த கேள்வி. அவரோட வாள் மேல வெளிச்சம் படும்போது என்ன தெரியுதுங்கிறதுக்காகத்தான் எழுநூறு வருஷமா ஆளுங்க தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க. இதைக் கொஞ்சம் பொறுமையா விளக்கணும்.

மசாமுனே 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலயும் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துலயும் வாழ்ந்த கொல்லர். டோக்கியோவுக்குத் தெற்கே கடலோரமா இருக்கிற கமகுராதான் அவர் ஊர். அந்தக் காலத்துல ஜப்பான் ஷோகன்களோட தலைநகரம். ஜப்பான்ல நல்ல இரும்புத் தாது குறைவு, ஆத்துலயும் கடலோரத்துலயும் கிடைக்கிற இரும்பு மணல்தான் மூலப்பொருள். களிமண் உலையில மரக்கரியோட சேர்த்து ராப்பகலா மூணு நாள் எரிச்சு, கடைசியில உலையையே உடைச்சுத்தான் எஃகுக் கட்டியை வெளிய எடுப்பாங்க. அதுக்குப் பேரு தமாஹகானே. அந்தக் கட்டியில எல்லாப் பக்கமும் ஒரே தரம் இருக்காது. ஒரு பக்கம் கரி அதிகம், ஒரு பக்கம் கம்மி. அதனால காய்ச்சி, அடிச்சு, மடிச்சு, மறுபடி அடிச்சு, பரோட்டா மாவு மாதிரி அடுக்கடுக்கா ஆக்கிடுவாங்க. அழுக்கு வெளிய போகும், கரி சமமாப் பரவும்.

அடுத்த கட்டம்தான் உயிர்நாடி. அடிச்சு முடிச்ச வாள் மேல களிமண் பூசுவாங்க. முதுகுப் பக்கம் தடிமனா, வெட்டுற விளிம்புல மெல்லிசா. அப்புறம் கிட்டத்தட்ட 750, 800 டிகிரி செல்சியஸ் வரைக்கும் காய்ச்சி, சட்டுனு தண்ணியில முக்குவாங்க. மெல்லிசா மண் பூசின விளிம்பு நொடியில குளிர்ந்துடும். அப்போ அந்த எஃகு ‘மார்டென்சைட்’டுன்னு ரொம்பக் கடினமான வடிவத்துக்கு மாறும். முதுகு மெதுவாக் குளிரும், அதனால மென்மையா, அடி தாங்குற மாதிரி இருக்கும். ஒரே இரும்புத் துண்டுல ரெண்டு குணம். இன்னொரு அழகு என்னன்னா, மார்டென்சைட் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கும். விளிம்பு விரியும், முதுகு விரியாது, அதனால கிட்டத்தட்ட நேரா உள்ள போன வாள் வளைஞ்சு வெளிய வரும். அந்த வளைவுல பெரும்பகுதியை வாளுக்குக் கொடுக்கிறது தண்ணித் தொட்டிதான். இதுல எத்தனையோ வாள் விரிசல் விட்டு வீணாப் போகும்.

கடினமும் மென்மையும் சந்திக்கிற எல்லைக் கோட்டுக்கு ஹமோன்னு பேரு. நல்லாத் தீட்டின வாள்ல அது பால் வெள்ளையா அலை மாதிரி ஓடும். அந்தக் கோட்டை ஒட்டி, கண்ணுக்குத் தெரியுற அளவுக்குப் பெரிய படிகத் துகள்கள் இருந்தா அதுக்கு ‘நியே’ன்னு பேரு. துகள் தனித்தனியாத் தெரியாத அளவுக்குச் சின்னதா இருந்தா, மூடுபனி மாதிரித் தெரியும், அது ‘நியோய்’. மசாமுனே நியேயோட ராஜா. அவரோட வாள்ல அந்தத் துகள்கள் நட்சத்திரம் சிதறின மாதிரி இருக்கும்னு ரசிகர்கள் சொல்வாங்க. நடுநடுவே மின்னல் கீத்து மாதிரி பளபளக்குற கோடுகளும் ஓடும்.

இதை எப்படிப் பார்க்கணும் தெரியுமா? ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. மங்கலான அறையில ஒரே ஒரு பல்பு வேணும். வாளை அந்த பல்பை நோக்கி நீட்டிப் பிடிச்சு, மெதுவாச் சாய்ச்சுக்கிட்டே வரணும். ஒரு கோணத்துல வெறும் இரும்பு. ஒரு டிகிரி திருப்பினா திடீர்னு நட்சத்திரம் எல்லாம் எரியும். இன்னும் ஒரு டிகிரி, மறுபடி அணைஞ்சுடும். வாள் மதிப்பீடு பண்றவங்க இன்னைக்கும் இப்படித்தான் பார்க்கிறாங்க. ஆக, ஒளியை வெச்சு விளையாடுற வாள்னு சீரீஸ் சொன்னது சும்மா அள்ளிவிட்டது இல்ல. உண்மையில இருந்து ஒரு அடி எடுத்துவெச்சு, அங்கிருந்து நூறு அடி தாவியிருக்காங்க. நல்ல ஃபேன்டஸி இப்படித்தான் எழுதணும்னு நான் நினைக்கிறேன்.

மசாமுனே பெரும்பாலும் தன் வாள்ல பேரு வெட்டல. அதனால ஒவ்வொரு வாளுக்கும் அதோட சொந்தக்காரரையோ சம்பவத்தையோ வெச்சுத்தான் பேரு. ‘ஹோன்ஜோ’ங்கிறது ஹோன்ஜோ ஷிகெனாகாங்கிற தளபதியோட பேரு. உயேசுகி கென்ஷினோட படையில இருந்தவர். 1561-ல கவானகாஜிமா போர்ல எதிரி ஒருத்தர் இந்த வாளால இவர் தலையில போட்டார். தலைக்கவசம் பிளந்துச்சு, தலை தப்பிச்சுது. ஷிகெனாகா திருப்பி அடிச்சு ஜெயிச்சு, வாளை எடுத்துக்கிட்டார். அதாவது தன்னைக் கொல்ல வந்த வாளுக்குத் தன் பேரையே கொடுத்துட்டார். பல வருஷம் கழிச்சு, 1590-கள்ல, கையில காசில்லாம போச்சு. 13 பெரிய தங்கக் காசுக்கு வித்துட்டார். 18-ஆம் நூற்றாண்டுல ஷோகன் உத்தரவுல புகழ்பெற்ற வாள்களுக்கு ஒரு பட்டியல் போட்டப்போ இதோட மதிப்பை 1,000 காசுன்னு எழுதினாங்க. அவசரத்துக்கு நகையை வித்துட்டுப் பின்னாடி விலை ஏறினதைப் பார்த்து வயிறெரியுற ஆளுங்க எல்லா ஊர்லயும் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்காங்க.

வாங்கினவர் டோயோடோமி ஹிதெட்சுகு. அவர்கிட்ட இருந்து டோயோடோமி ஹிதேயோஷிகிட்டப் போச்சு, கை மாறி மாறி டோக்குகாவா இயேயாசுகிட்ட வந்து சேர்ந்துச்சு. அப்புறம் ஷோகன் வம்சமான டோக்குகாவா குடும்பத்தை விட்டு நகரவே இல்ல. 1939-ல ஜப்பான் அரசு இதை தேசியப் பொக்கிஷமா அறிவிச்சது.

இந்த ஹிதேயோஷி பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. 1588-ல இவர் ஒரு ஆணை போட்டார். விவசாயிகள் எல்லாரும் வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாத்தையும் ஒப்படைக்கணும். அதுக்குச் சொன்ன காரணம்தான் அருமை. அந்த இரும்பை உருக்கி பெரிய புத்தர் சிலை கட்டுறதுக்கு ஆணியும் கொக்கியும் செய்யப் போறோம், அதனால ஒப்படைக்கிறவங்களுக்கு இந்தப் பிறவிக்கு மட்டுமில்ல, அடுத்த பிறவிக்கும் புண்ணியம்னாங்க. உண்மையான காரணம் விவசாயிக் கலகம் வந்துடக் கூடாதுங்கிற பயம். ஆயுதத்தைப் பிடுங்குறவங்க எப்பவுமே ‘உங்க நல்லதுக்குத்தான்’னு ஒரு பொட்டலத்துல சுத்தித்தான் பிடுங்குவாங்க.

இப்போ 1945-க்குப் போகலாம். ஆகஸ்ட்ல ஜப்பான் சரணடைஞ்சது. அமெரிக்கா தலைமையில நேச நாடுகளோட படை உள்ள வந்துச்சு. பொதுமக்கள்கிட்ட இருக்கிற ஆயுதங்களை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னாங்க. போர்ல தோத்த நாட்டுக்கு அது சகஜம். ஆனா ராணுவத்துக்காகத் தொழிற்சாலையில மொத்தமாச் செஞ்ச வாளும், பரம்பரை பரம்பரையா வீட்டுல வெச்சிருந்த அறுநூறு வருஷ வாளும் ஒரு அமெரிக்கச் சிப்பாய்க்கு ஒரே மாதிரித்தான் தெரியும். குவியல் குவியலா வாங்கினாங்க. லட்சக்கணக்குல போச்சு. நிறைய உருக்கப்பட்டுச்சு, கடல்ல கொட்டப்பட்டுச்சு. நிறைய வாள் சிப்பாய்களோட மூட்டையில நினைவுப் பொருளா அமெரிக்கா போச்சு. அதுக்கு அனுமதிச் சீட்டும் கொடுத்தாங்க.

டோக்குகாவா குடும்பத்தோட தலைவர் அப்போ டோக்குகாவா இயேமாசா. முன்னாள் தூதர். 1929-ல கனடாவுக்கு ஜப்பான் அனுப்பின முதல் தூதரே இவர்தான். (வேர்ஹவுஸ் 13 ஷூட்டிங் நடந்தது கனடாவுல, டொராண்டோவுல. சும்மா சொல்லி வெச்சேன்.) பலர் வாளைப் பரண்ல மறைச்சாங்க, மண்ணுல புதைச்சாங்க. இயேமாசா அப்படிச் செய்யல. 1945 டிசம்பர்ல மசாமுனேயோட இன்னும் 14 வாளையும் சேர்த்து டோக்கியோவுல மெஜிரோ போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சார். இருநூத்தி அறுபது வருஷத்துக்கு மேல நாட்டை ஆண்ட வம்சம், லோக்கல் ஸ்டேஷன்ல போய் தேசியப் பொக்கிஷத்தைக் கொடுத்துட்டு வந்த அந்தக் காட்சியை நினைச்சுப் பாருங்க. எந்த சீரீஸ்லயும் இல்லாத காட்சி அது.

1946 ஜனவரியில ஒரு அமெரிக்க சார்ஜென்ட் அந்த ஸ்டேஷனுக்கு வந்து வாள்களை எல்லாம் வாங்கிட்டுப் போனதாப் பதிவு இருக்கு. ஏழாவது குதிரைப்படையைச் சேர்ந்தவர்னு எழுதியிருக்கு. பேரு ‘கோல்டி பைமோர்’. அவ்வளவுதான். அதோட வாள் போச்சு. அந்தப் பேர்ல ஒரு சார்ஜென்ட் இருந்ததுக்கு அமெரிக்க ராணுவப் பதிவுகள்ல தடயமே கிடைக்கல. ஆள் பொய்ப் பேர் கொடுத்தாரா? அப்படியும் இருக்கலாம். ஆனா எனக்கு எளிமையான விளக்கம்தான் சரின்னு தோணுது. ஒரு அமெரிக்கர் தன் பேரை வாயால சொல்லியிருப்பார். ஜப்பானிய போலீஸ்காரர் தன் காதுல விழுந்ததைத் தன் எழுத்துல எழுதியிருப்பார். பின்னாடி யாரோ அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்தியிருப்பாங்க. ரேஷன் கார்டுல தன் பேரைத் தானே அடையாளம் கண்டுபிடிக்க முடியாம நின்ன எல்லாருக்கும் இது புரியும். ஒரு எழுத்துப் பிழையில ஒரு தேசியப் பொக்கிஷம் தொலைஞ்சிருக்கலாம்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு எபிசோடைத் திரும்பப் பார்த்தேன். அதே காட்சிகள், ஆனா சிரிப்பு வேற மாதிரி வந்துச்சு. நிஜத்துல அமெரிக்கா எடுத்துட்டுப் போய்த் தொலைச்ச வாளை, கதையில ஜப்பான் கண்டுபிடிச்சு, ரிப்பன் கட்டி, அமெரிக்காவுக்கே பரிசாக் கொடுக்குது. அந்தப் பரிசையும் அமெரிக்க ஏஜென்ட்டுகள் திருடிட்டு, பதிலுக்கு டூப்ளிகேட் வைக்கிறாங்க. அது நல்ல காரியம்னு நாமளும் கைதட்டுறோம். ஏன்னா வாள் ஆபத்தானது, கிடங்குல இருந்தாத்தான் பாதுகாப்பு!

சீரீஸோட புராணத்துலயே இதுக்கு ஒரு சாவி இருக்கு. ஏன் கிடங்கு ‘13’? இதுக்கு முன்னாடி 12 கிடங்கு இருந்துச்சு. முதல் கிடங்கு அலெக்ஸாண்டர் காலத்துல. ரெண்டாவது எகிப்துல. அப்படியே ரோம், மங்கோலியா, பத்தாவது முகலாய இந்தியா, பன்னிரண்டாவது லண்டன்னு வந்து, கடைசியா அமெரிக்கா. எந்தக் காலத்துல எந்த நாடு பலசாலியோ, கிடங்கு அங்க நகரும். எழுத்தாளர்கள் இதை ஒரு ஜாலியான பின்கதையாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா இதைவிட நேர்மையா ஒரு மியூசியம் வரலாற்றை நான் படிச்சதில்ல. மத்தவங்களோட பொருள் யார் வீட்டு அலமாரியில இருக்கும்? அந்தந்தக் காலத்துல யார் கை ஓங்கியிருக்கோ அவங்க வீட்டுல. கண்ணாடிப் பெட்டியில ‘பாதுகாப்புக்காக’ன்னு ஒரு சீட்டும் இருக்கும்.

சீரீஸை நான் திட்டுறேன்னு நினைக்காதீங்க. இந்த எபிசோட் அதோட கேள்வியை ஒரு பக்கவாட்டுல தொடத்தான் செய்யுது, ஆர்ட்டி வழியா. ஆர்ட்டி மேல தேசத்துரோகக் குற்றச்சாட்டு இருக்குங்கிற விஷயம் இங்க வெளிய வருது. ஆர்ட்டிஃபாக்டுகளை சோவியத்காரங்க கையில கொடுத்தவர், அதுவும் மனுஷங்களைக் காப்பாத்துறதுக்காகங்கிறதுதான் அவரோட பழைய கதை. பொருளைக் காக்குறது பெருசா, ஆளைக் காக்குறது பெருசாங்கிற கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லிட்டு, அதுக்கான விலையை வாழ்நாள் முழுக்கக் கொடுத்துட்டு இருக்கிற மனுஷன். சால் ரூபினெக்கோட அப்பா அம்மா யூத இனப்படுகொலையில உயிர் தப்பினவங்க. அவர் பொறந்ததே 1948-ல ஜெர்மனியில ஒரு அகதி முகாம்ல. ஆர்ட்டியோட பழசைப் பத்திப் பேசுற இடத்துல அவர் முகத்துல நகைச்சுவை சட்டுனு அணையும். அதை நான் மூணு தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன்.

அமெரிக்க அதிபர் கையில மசாமுனே வாளுங்கிறது கதைக்காகக் கட்டினது மட்டும் இல்ல. மிசௌரி மாநிலத்துல இண்டிபெண்டன்ஸ்ங்கிற ஊர்ல இருக்கிற ட்ரூமன் நூலகத்துல ஒரு மசாமுனே இருக்கு. அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு, ஜப்பான்ல அமெரிக்கப் படையோட ஆறாவது ஆர்மியை நடத்தின ஜெனரல் வால்ட்டர் க்ரூகர் கொடுத்தது. அது ஹோன்ஜோ இல்ல, வேற வாள். ஆனா அந்த சில மாசங்கள்ல என்னென்ன எப்படியெல்லாம் நகர்ந்துச்சுன்னு புரிய இந்த ஒண்ணே போதும்.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை இருக்கு. எனக்கு இந்த மொத்த விவகாரத்துல ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான். வால்ட்டர் காம்ப்டன். ‘அல்கா செல்ட்ஸர்’ மாத்திரை தயாரிச்ச மைல்ஸ் லேபரட்டரீஸோட தலைமைப் பொறுப்புல இருந்தவர், ஜப்பானிய வாள் பைத்தியம். அமெரிக்காவுல ஒரு பழம்பொருள் கடையில ஒரு வாளை வாங்கினார். ஆராய்ஞ்சு பார்த்தப்போ அது குனிமுனேங்கிற கொல்லர் செஞ்சது, ககோஷிமாவுல தெருகுனி கோவிலுக்குச் சொந்தமானது, போருக்குப் பிறகு காணாமப் போன தேசியப் பொக்கிஷம்னு தெரிஞ்சுது. மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? 1963-ல காசு எதுவும் வாங்கிக்காம அந்தக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்துட்டார். பீட்டும் மைக்காவும் போகாத திசையில போன ஏஜென்ட். ஊதா திரவம் இல்ல, கிடங்கு இல்ல. விசாரிச்சார், யாருதுன்னு கண்டுபிடிச்சார், கொடுத்தார்.

எல்லாமே அழிஞ்சு போகாததுக்கும் சில மனுஷங்கதான் காரணம். ஹோன்மா ஜுன்ஜிங்கிற ஜப்பானிய வாள் அறிஞர் அமெரிக்க ராணுவ போலீஸ் அதிகாரி கர்னல் காட்வெல்லைச் சந்திச்சு, இதெல்லாம் வெறும் ஆயுதம் இல்ல, கலைன்னு எடுத்துச் சொன்னார். காட்வெல்லுக்குப் புரிஞ்சுது. கலை மதிப்புள்ள வாள்களுக்கு விலக்கு கிடைச்சுது. டோக்கியோவுல அகபானேங்கிற இடத்துக் கிடங்குல குவிச்சு வெச்சிருந்த வாள்கள்ல இருந்து ஆயிரக்கணக்கானதைப் பொறுக்கி எடுத்து மியூசியத்துக்கு மாத்தினாங்க. ஆமா, நிஜத்துலயும் ஒரு கிடங்கு இருந்துச்சு. மாயம் எதுவும் இல்லாம, துருப்பிடிச்சுக்கிட்டு.

அப்போ ஹோன்ஜோ மசாமுனே? உருக்கியிருக்கலாம். இல்லேன்னா அமெரிக்காவுல ஏதோ ஒரு ஊர்ல, தாத்தா போர்ல இருந்து கொண்டுவந்ததுன்னு யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல, பழைய கிறிஸ்துமஸ் மரத்துக்கும் உடைஞ்ச சைக்கிளுக்கும் நடுவுல கிடக்கலாம். இது வெறும் ஆசைப் பேச்சு இல்ல. ஷிமாசு மசாமுனேன்னு இன்னொரு வாள் சுமார் 150 வருஷம் கண்ணுலயே படாம இருந்து, கியோட்டோ தேசிய மியூசியத்துக்கு நன்கொடையா வந்து, 2014-ல அது அதுதான்னு உறுதியாச்சு.

கிடைச்சா அடையாளம் எப்படித் தெரியும்னு கேப்பீங்க. வாள்ல கொல்லரோட பேரு இருக்காதே? அதுக்கு ‘ஒஷிகாட்டா’ன்னு ஒண்ணு இருக்கு. வாள் மேல மெல்லிசான காகிதத்தை வெச்சு அதோட உருவத்தை அச்சு எடுத்து, ஹமோன் ஓடுற அலையைக் கையாலயே அப்படியே வரைஞ்சு வைப்பாங்க. ஒவ்வொரு வாளோட ஹமோனும் கைரேகை மாதிரி. தண்ணியில முக்கின அந்த ஒரு நொடியில விழுந்த கோடு, இன்னொரு வாள்ல அப்படியே வராது. ஹோன்ஜோ மசாமுனேயோட ஒஷிகாட்டா இருக்கு. நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். ஆக கைரேகை தயாரா இருக்கு, கை மட்டும் கிடைக்கணும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன், வெளிநாட்டுல இருந்து கேக்குறவங்களுக்கு உபயோகப்படலாம். பழைய ஜப்பானிய வாள் எங்கயாவது கண்ணுல பட்டா, ஆர்வக் கோளாறுல உப்புத்தாளை எடுத்துத் தேய்ச்சுடாதீங்க. முக்கியமா, கைப்பிடிக்குள்ள மறைஞ்சிருக்கிற பகுதியில இருக்கிற கருப்புத் துருவைத் தொடவே கூடாது. வாளுக்கு எத்தனை வயசுன்னு நிபுணர்கள் முதல்ல பார்க்கிறதே அந்தத் துருவைத்தான். அப்படியே விட்டுட்டு, விஷயம் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

அடுத்த வாரம் இதுக்கு அடுத்த எபிசோட், ‘டூப்ட்’. லூயிஸ் கரோலோட கண்ணாடிக்குள்ள மைக்கா மாட்டிக்கிறது. பார்த்துட்டு வாங்க, பேசலாம்.